மாம்பூ முதல் மாங்கனி வரை: காரைக்கால் வசந்தத்தைப் படம்பிடிப்போருக்கு

இளவேனில் என்றால் சித்திரையும் வைகாசியும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அந்தக் கணக்கை நம்பி, சித்திரை பிறந்த பிறகு காரைக்காலில் கேமராவைக் கையில் எடுப்பவர் பாதிக் கதையைத் தவறவிட்டிருப்பார். இங்கே துளிரும் பூவும் மாசியிலேயே தொடங்கிவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழையின் ஈரம் மண்ணில் இன்னும் மிச்சமிருக்கும். தை முடிந்ததும் வெயில் மெல்ல ஏறும். இந்த இரண்டும் சந்திக்கிற சில வாரங்கள்தான் கடைமடை நாட்டின் வசந்தம். பனி உருகிப் புல் முளைக்கும் வெளிநாட்டு வசந்தத்தைப் படங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடாது. அதனாலேயே இதைப் படமெடுக்க உள்ளூர்க்காரர் தேவை என்கிறேன். விடுமுறைக்கு வந்துபோகிறவருக்குத் திருநள்ளாறு கோபுரமும் கடற்கரையும் கிடைக்கும். தெருமுனை வேம்பு எந்த வாரம் பூக்கும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் தெரியும்.

முதல் அடையாளம் மாம்பூ. இந்த ஊருக்கு மாமரத்தோடு இருக்கும் உறவு வேறு ஊர்களுக்கு இல்லை. அறுபத்து மூவரில் ஒருவரான காரைக்கால் அம்மையார், புனிதவதியாராக இங்கே இல்லறம் நடத்திய காலத்துக் கதையே மாங்கனியில்தான் தொடங்குகிறது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்தும் திண்ணைகளிலிருந்தும் மக்கள் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். அன்று பல கேமராக்கள் அங்கே இருக்கும். அந்தப் பழம் பூவாக இருந்த நாளில் படமெடுத்தவர்கள் மிகக் குறைவு. பூத்ததிலிருந்து பழமாக மூன்று நான்கு மாதம் ஆகும். தையிலோ மாசியிலோ ஒரே கிளையைக் குறித்துவைத்துக்கொண்டு, பூ, பிஞ்சு, வடு, காய், கடைசியில் வீதியில் பறக்கும் பழம் என்று எடுத்து வந்தால் அது காரைக்காலில் மட்டுமே எடுக்கக்கூடிய படத்தொடர்.

மாம்பூவை அருகில் போய்ப் பாருங்கள். தூரத்தில் மங்கலான மஞ்சள் கொத்தாகத் தெரிவது, கிட்டத்தில் நூற்றுக்கணக்கான தனிப்பூக்களாகப் பிரியும். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் அகலத்தில்தான் இருக்கும். ஐந்து வெளிர் இதழ்கள். அவற்றின் அடிப்பகுதியில் மஞ்சள் வரிகள், பூ முதிர முதிர இளஞ்சிவப்பாக மாறும். நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு மகரந்தத் தாள்தான் நன்றாக வளர்ந்து, நுனியில் ஊதா நிறத்துடன் நிற்கும். செல்போன் கேமராவின் மேக்ரோ வசதியே இதற்குப் போதும். ஈக்களும் சிறு வண்டுகளும் மேய்ந்துகொண்டிருக்கும், அவற்றை விரட்டாதீர்கள். மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசேர்ப்பவை அவைதான். ஒரு கொத்தில் ஆயிரம் பூ இருந்தாலும் பழமாகி நிற்பது ஒன்றோ இரண்டோ. இது தெரிந்த பிறகு, உதிர்ந்த பூக்கள் பரவிக் கிடக்கும் தரையும் படமெடுக்கத் தக்க காட்சியாகிவிடுகிறது.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் வெயில் சாய்வாக விழுவது ஒரு வசதி. அதைவிடப் பெரிய வசதி, அப்போது காற்று அடங்கியிருப்பது. நண்பகலை நெருங்கும்போது கடற்காற்று ஏறும். அதன் பிறகு வேப்பம்பூ, மாம்பூ போன்ற மெல்லிய காம்புப் பூக்கள் ஒரு கணம்கூட அசையாமல் நிற்பதில்லை. ஷட்டர் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் ஃபோகஸ் நழுவும். பூவுக்குக் காலை, வயலுக்கும் வானத்துக்கும் மாலை என்று பிரித்துக்கொள்வது நல்லது. கடலோரத்துக் காற்றில் உப்பு இருக்கிறது; லென்ஸ் மேல் மெல்லிய படலமாகப் படியும். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த மெல்லிய துணியால் துடைத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேரே வெளியே எடுத்து வந்தால் கண்ணாடியில் ஆவி படியும். சிறிது நேரம் பையிலேயே இருக்கட்டும்.

வேம்பு பங்குனியில் பூக்கும். புத்தாண்டன்று பச்சடிக்கும், பிறகு ஆண்டு முழுவதும் ரசத்துக்கும் ஆகும் அந்தப் பூவைச் சேகரிக்க, மரத்தடியில் பழைய புடவையை விரித்து வைக்கும் வழக்கம் உண்டு. பூ விழுந்த புடவையைவிட வசந்தத்துக்கு நல்ல சாட்சிப் படம் எனக்குத் தெரியவில்லை. அரச மரத்தின் செம்புத் துளிர், புங்கின் பளபளக்கும் இளம் பச்சை, சித்திரையில் கொன்றையின் மஞ்சள் சரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். புங்கம்பூ உதிர்ந்த தரை பொரி சிதறினாற்போல இருக்கும். சங்கப் புலவர்கள் கண்ட அதே காட்சி இன்றும் பஸ் நிறுத்தத்தில் கிடைக்கிறது.

மரங்களோடு நின்றுவிட்டால் டெல்டாவின் வசந்தத்தில் பாதியை விட்டவர்களாவோம். சம்பா அறுத்த வயல் வெறும் தாள்கட்டையாகத் தெரியும். குனிந்து பார்த்தால் தாளுக்கு இடையில் உளுந்தும் பச்சைப்பயறும். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈர வயலில் விதையைத் தெளித்துவிடுவார்கள். பிறகு அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மண்ணின் மிச்ச ஈரத்திலும் இரவுப் பனியிலும் வளர்ந்து, மாசியில் சின்னச் சின்ன மஞ்சள் பூவாகப் பூக்கும். நின்றபடி எடுத்தால் வெறும் பச்சை. வரப்பில் அமர்ந்து, செடியின் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் பூ தெரியும். திருநள்ளாறு, நெடுங்காடு பக்கம் பருத்தியும் போடுகிறார்கள். பருத்திப் பூ ஒரு நல்ல பயிற்சி. காலையில் விரியும்போது வெளிர் மஞ்சளாக இருப்பது மாலைக்குள் இளஞ்சிவப்பு ஏறி, மறுநாள் வாடும்போது நன்றாகச் சிவந்திருக்கும். ஒரே செடியில் இரு நிறப் பூக்கள் நிற்கும். ஒன்று இன்று பூத்தது, மற்றது நேற்றையது. வயலில் இறங்குமுன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பயறு பிடுங்கும் பெண்களை அவர்கள் சம்மதமின்றிப் படமெடுப்பது முறையல்ல.

பறவைகளுக்கு வருவோம். பனிக்காலத்தில் வாய் மூடியிருந்த குயில் பங்குனியில் விடியுமுன்பே கூவத் தொடங்கும். அது இலைக்கூட்டத்துக்குள் இருக்கும் கறுப்புப் பறவை. பின்னால் பளீரென்ற வானம். கேமராவைத் தானியங்கிக் கணக்குக்கு விட்டால் கறுப்பு நிழலுருவம்தான் மிஞ்சும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டினால்தான் சிவந்த கண்ணும் இறகின் நீலப் பளபளப்பும் வரும். வயல் கொக்குக்கு நேர் எதிர்: ஒரு படி குறைக்க வேண்டும். ஆண் ஊதாத் தேன்சிட்டு, அடியில் மஞ்சளும் தொண்டையில் ஒரு கருங்கோடுமாக இருந்த எளிய உடையை விட்டு, வெயில் பட்டால் மின்னும் ஊதாவுக்கு மாறியிருக்கும். அது வீட்டு வாசல் கம்பியிலும் கூடு கட்டும். கூட்டை மட்டும் நெருங்கிப் போய் எடுக்காதீர்கள். நாம் நின்று பார்க்கும் இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டிருக்கிறது.

முன்பு வேலியாகவும் வெற்றிலைக் கொடிக்காலிலும் நின்ற கல்யாண முருங்கை, இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மாசியில் செக்கச்செவேலெனப் பூக்கும். தேன் குடிக்க மைனாக்களோடு ரோசா நிற உடம்பும் கறுப்புத் தலையுமான சோளக்குருவிகளும் வரும். மத்திய ஆசியாவுக்குத் திரும்பும் முன் இங்கே பசியாறுபவை அவை. 2000-களின் நடுவில் பரவிய ஒரு சிறு குளவி இலையிலும் தண்டிலும் முடிச்சுகளை உண்டாக்கி இந்த மரங்களை ஏராளமாக அழித்துவிட்டது. எஞ்சிய மரம் எங்காவது உங்கள் ஊரில் நின்றால் அதை முதலில் எடுங்கள்.

அரசலாறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் இன்னொரு வசந்தம் நடக்கிறது. பனிக்காலம் முழுதும் சாம்பலும் வெள்ளையுமாகச் சேற்றில் மேய்ந்த வளைந்த அலகு உள்ளான்களுக்குப் பங்குனி, சித்திரையில் நெஞ்சும் வயிறும் செங்கல் நிறமாகும். சைபீரியத் துருவப் பகுதியில் இணைசேரப் புறப்படுகிறவை போட்டுக்கொள்ளும் உடை அது. கூட்டமாகப் பார்க்க வேண்டுமானால் தெற்கே, 1967-இல் சரணாலயமாக்கப்பட்ட கோடியக்கரைக்குப் போகலாம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருள்வார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாக வரவேற்கிறார்கள். ஊரே கூடும் அந்த நாள் வசந்தத்தின் மனித முகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது துறைமுகத்தில் படகுகளுக்குப் புது வண்ணம் ஏறும். நிறம் தேடுபவருக்கு அது விருந்து.

இதே கடற்கரை மணலில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டை இருக்கும். நாற்பத்தைந்து முதல் அறுபது நாளில் குஞ்சு வெளிவரும். அந்தக் குஞ்சுகள் கடல்பக்கத்து வெளிச்சத்தைப் பார்த்தே நகர்கின்றன. அங்கே டார்ச் அடிப்பதும் ஃபிளாஷ் போடுவதும் அவற்றைத் திசைமாற்றிச் சாகடிக்கக்கூடும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த ஆமைக்கு மிக உயர்ந்த பாதுகாப்பைத் தந்திருக்கிறது. குஞ்சுகளை வனத்துறையினர் கடலில் விடும் வேளையில், அவர்கள் அனுமதியோடு, இருக்கிற வெளிச்சத்தில் எடுங்கள். இல்லையென்றால் எடுக்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று தயங்குகிறவர்கள் மா. கிருஷ்ணனை நினைத்துக்கொள்ளலாம். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைத் தானே பொருத்திச் செய்துகொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தார். 1950 முதல் கடைசி நாள் வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் அவர் எழுதிய பத்தியில் யானைக்கும் புலிக்கும் கிடைத்த அதே கவனம் காகத்துக்கும் அணிலுக்கும் கிடைத்தது. வீட்டுக்கருகே கண்ணில் படுவதை ஆண்டுக்கணக்கில் உற்றுப் பார்த்ததே அவருடைய செல்வம்.

அந்த ஆண்டுக்கணக்குதான் அமெச்சூரின் உண்மையான பலம். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி எப்போது பூத்தது என்பதை ஒன்பதாம் நூற்றாண்டு முதலான நாட்குறிப்புகளிலிருந்து தொகுத்து வைத்திருக்கிறார்கள். அதனால்தான் 2021 மார்ச் 26 அன்று மரங்கள் முழுதாகப் பூத்தபோது, அதுவரையிலான 1,200 ஆண்டுகளில் அதுவே மிக முந்தியது என்று சொல்ல முடிந்தது. நம்மிடம் மாம்பூவுக்கோ கொன்றைக்கோ அப்படி ஒரு வரிசை இல்லை. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தபோது காரைக்காலிலும் மரங்கள் சாய்ந்தன. அதற்கு முன் அவை எந்த மாதம் துளிர்த்தன, எந்த ஆண்டு அதிகம் பூத்தன என்பதற்கு இன்று சான்று தேடினால், யாரோ தற்செயலாக எடுத்த படங்கள்தான் உதவ வேண்டும்.

இந்தியாவில் இதற்கென ‘சீசன்வாட்ச்’ என்ற மக்கள் அறிவியல் திட்டம் இயங்குகிறது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை பார்த்து, துளிர், பூ, காய் உண்டா, கொஞ்சமா, நிறையவா என்று பதிவது மட்டுமே வேலை. கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இதில் பெரும் பங்கு எடுத்திருக்கிறார்கள். காரைக்கால், நாகை, மயிலாடுதுறைப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஏன் சேரக்கூடாது?

வருகிற தை கடைசியிலேயே உங்கள் தெருவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் ஒரு படமும், கிளையருகே ஒரு படமும் எடுங்கள். செல்போனில் தேதி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தின் பெயரையும் தெருவின் பெயரையும் படத்தோடு எழுதி வையுங்கள். மழைக்காலம் வந்தாலும் நிறுத்தாதீர்கள். அடுத்த மாசியில் அதே மரம் பூக்கும்போது, சென்ற ஆண்டைவிட முந்தியா பிந்தியா என்று யார் கேட்டாலும் உங்களால் பதில் சொல்ல முடியும்.