தனியாக ஓடும் பந்தயம். கூடிப் போகும் பயணம்!

மொரப்பூர் ரெயில் நிலையம். விடியற்காலை நேரம். நடைமேடையில் நாலு காலேஜ் மாணவர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோளில் பை. காலடியில் பெரிய அட்டைப் பெட்டிகள். பெட்டிக்குள் என்ன? கழற்றி அடுக்கிய சைக்கிள்கள்!

வழியனுப்ப வந்த தாய் கேட்கிறாள்:

"சைக்கிள் பந்தயத்துக்கா போறீங்க?"

"ஆமாம்மா. ஆனா முதல்ல நீந்தணும்."

"அப்போ நீச்சல் பந்தயமா?"

"அதுவும்தான். கடைசியில ஓடணும்."

"ஏன் கண்ணு, ஒரு ஆளுக்கு ஒரு பந்தயம் போதாதா?"

நல்ல கேள்விதான். ஆனால் உலகத்தில் லட்சக்கணக்கான பேர் இன்று இந்த மூன்று பந்தயத்தையும் ஒரே மூச்சில் முடிக்கிறார்கள். இதற்கு "டிரையத்லான்" என்று பெயர். கிரேக்க மொழியில் "டிரை" என்றால் மூன்று. "அத்லான்" என்றால் போட்டி. முதலில் நீச்சல், அடுத்து சைக்கிள், கடைசியில் ஓட்டம். நடுவே ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரமும் கணக்கில் சேரும்!

எவ்வளவு தூரம்?

ஒலிம்பிக் பந்தயத்தில் 1½ கிலோ மீட்டர் நீந்த வேண்டும். பிறகு 40 கிலோ மீட்டர் சைக்கிள். அதன் பிறகு 10 கிலோ மீட்டர் ஓட்டம். 2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் இது முதன்முதலாகச் சேர்ந்தது.

40 கிலோ மீட்டர் என்றால் எவ்வளவு என்று மொரப்பூர்க்காரர்களுக்குச் சுலபமாகச் சொல்லலாம். 1906-ம் ஆண்டு மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்குச் சின்ன ரெயில் ஓடத் தொடங்கியது. 1941-ல், உலக யுத்த காலத்தில், அது நின்று போயிற்று. அந்த இரண்டு ஊரையும் மறுபடி இணைக்கத் திட்டமிட்ட புதிய பாதையின் நீளம் சுமார் 36 கிலோ மீட்டர். அந்த ரெயில் பாதையைவிட அதிக தூரத்தைச் சைக்கிளில் மிதிக்க வேண்டும். அதுவும் நீந்திக் களைத்த பிறகு!

புதிதாக வருகிறவர்களுக்குச் சிறிய பந்தயமும் உண்டு. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 5 கிலோ மீட்டர் ஓட்டம். காலேஜ் மாணவர்கள் இதில் தொடங்குவதே நல்லது.

கிணறும் சைக்கிளும்

"இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம் ஊர்ப் பையன்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். சைக்கிளுக்கும் பஞ்சமில்லை. 2001-ம் ஆண்டு தொடங்கிய திட்டத்தின் மூலம், தமிழக அரசே 11-ம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுத்து வந்திருக்கிறது. ஓடுவதற்கோ காடு மேடெல்லாம் இருக்கிறது. ஆக, மூன்றும் நம்மிடம் உண்டு. மூன்றையும் ஒன்றாகக் கோர்த்துப் பழகவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு எச்சரிக்கை! கிணறு வேறு, கடல் வேறு. பத்து மீட்டர் அகலமுள்ள கிணற்றில் 750 மீட்டர் நீந்த வேண்டுமானால், இக்கரைக்கும் அக்கரைக்கும் 75 தடவை போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுவரைத் தொட்டு மூச்சு வாங்கலாம். கடலில் தொடுவதற்குச் சுவர் ஏது? அலை தூக்கும். பக்கத்தில் நீந்துகிறவரின் கால் முகத்தில் படும். அதைப் பழகாமல் போகவே கூடாது.

இருட்டில் முடிந்த முதல் பந்தயம்

இந்த விளையாட்டு பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவில் சான் டியாகோ என்று ஒரு கடற்கரை நகரம். 1974-ம் ஆண்டு செப்டம்பர் 25-ந் தேதி, ஒரு புதன்கிழமை மாலை, அங்குள்ள ஓட்டக்காரர் சங்கம் ஒரு விளையாட்டு நடத்தியது. ஜாக் ஜான்ஸ்டோன், டான் ஷனஹான் என்ற இரண்டு பேர் போட்ட திட்டம் அது. 46 பேர் கலந்துகொண்டார்கள்.

அன்று ஓட்டமும் சைக்கிளும் முதலில் வந்தன. நீச்சல் கடைசியில் வந்தது. விளைவு என்ன? கடைசியில் வந்தவர்கள் நீந்தும்போது இருட்டிவிட்டது! கார்களைக் கொண்டுவந்து நிறுத்தி, முன் விளக்கைத் தண்ணீர் மேல் அடித்தார்கள். அந்த வெளிச்சத்தில் கரை சேர்ந்தார்கள்.

இன்று நீச்சலை முதலில் வைக்கிறார்கள். காரணம் சாதாரணமானது. களைத்தவன் சாலையில் உட்காரலாம். தண்ணீரில் உட்கார முடியுமா?

தண்ணீர் தீர்ந்தது!

சான் டியாகோவில் கலந்துகொண்டவர்களில் ஒருவர், கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். பிறகு அவர் ஹவாய் தீவில் வேலை பார்த்தார். அங்கே ஒரு சர்ச்சை எழுந்தது. நீந்துகிறவன் பலசாலியா, ஓடுகிறவன் பலசாலியா, சைக்கிள் மிதிப்பவன் பலசாலியா?

"மூன்றையும் செய்து பார்த்துவிடுவோம்" என்று முடிவாயிற்று. கடலில் சுமார் 3.9 கிலோ மீட்டர் நீச்சல், 180 கிலோ மீட்டர் சைக்கிள், பிறகு 42 கிலோ மீட்டருக்கும் அதிகமான மாரத்தான் ஓட்டம்! 1978-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி 15 பேர் புறப்பட்டார்கள். 12 பேர் முடித்தார்கள். முடிப்பவனுக்கு "இரும்பு மனிதன்" என்று பட்டம். அதுவே "அயர்ன்மேன்" என்ற பெயரானது.

அந்தப் பந்தயத்தில் ஒவ்வொருவரும் தண்ணீர் கொடுக்கத் தங்கள் ஆட்களைத் தாங்களே கூட்டி வர வேண்டும். ஜான் டன்பார் என்பவர் முன்னணியில் வந்துகொண்டிருந்தார். அவருடைய ஆட்களிடம் தண்ணீர் தீர்ந்துவிட்டது. என்ன செய்தார்கள் தெரியுமா? பீரைக் கொடுத்தார்கள்! அவர் பின்தங்கினார். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடத்தில் முதலாவதாக வந்தார்.

துணைக்குப் போகிறவர் வேடிக்கை பார்க்கப் போகிறவர் அல்ல. அவர் ஒரு குடம் தண்ணீரை மறந்தால் போதும். ஆறு மாத உழைப்பு வீணாகும்.

தம்பியைத் தாங்கிய அண்ணன்

இன்னொரு சம்பவம். இங்கிலாந்தைச் சேர்ந்த சகோதரர்கள் அலிஸ்டர் பிரவுன்லி, ஜானி பிரவுன்லி. இருவரும் ஒன்றாகப் பழகியவர்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அண்ணனுக்குத் தங்கம். தம்பிக்கு வெள்ளி.

அடுத்த மாதம் மெக்சிகோவில் கொசுமெல் தீவில் பந்தயம். கடும் வெயில். தம்பி ஜானி முதலாவதாக வந்துகொண்டிருந்தார். முடிவுக் கோடு கிட்டத்தில்தான் இருந்தது. திடீரென்று கால் பின்னியது. உடம்பு தள்ளாடியது. சூட்டில் நினைவே தடுமாறிவிட்டது.

பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் பார்த்தார். தாண்டி ஓடினால் தனக்கு வெற்றி கிடைக்கலாம். ஆனால் அவர் தாண்டவில்லை! தம்பியின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு தாங்கித் தாங்கி ஓடினார். இதற்குள் தென்னாப்பிரிக்காவின் ஹென்றி ஷூமன் முந்திச் சென்று வென்றார். முடிவுக் கோட்டில் அண்ணன் தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். தம்பிக்கு இரண்டாவது இடம். அண்ணனுக்கு மூன்றாவது இடம். ஜானி ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றுத் தேறினார்.

ஒரு வீரர் இன்னொரு வீரரைத் தூக்கிச் செல்லக் கூடாது என்று பிறகு விதி வந்துவிட்டது. விதி இருக்கட்டும். அண்ணனைப் பார்த்து உலகம் கண் கலங்கியதை எந்த விதி தடுக்கும்?

வெயில் எத்தனை பெரிய எதிரி என்பதையும் இந்தச் சம்பவம் காட்டுகிறது. ஒலிம்பிக் வீரனையே சாய்த்த வெயில் நம் பிள்ளைகளைச் சும்மா விடுமா? தாகம் எடுப்பதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்பும் சேர வேண்டும். தலை சுற்றினால் உடனே நிற்க வேண்டும். நிற்பது தோல்வி அல்ல.

ரெயிலில் சைக்கிள்

இனி பிரயாணம். இதில்தான் பல பேர் திணறுகிறார்கள். சைக்கிளை ரெயில் பெட்டிக்குள் உருட்டிக்கொண்டு ஏற முடியாது. பார்சல் அலுவலகத்தில் எடை போட்டு, கட்டணம் கட்டி, ரசீது வாங்க வேண்டும். மொரப்பூர் போன்ற நிலையத்தில் ரெயில் நிற்கும் நேரம் குறைவு. சாமான் வண்டியில் ஏற்ற நேரம் போதுமா என்று முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் சேலம் ஜங்ஷனுக்குக் கொண்டு போய் ஏற்றுவது நல்லது.

பெடலையும் முன் சக்கரத்தையும் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். கழற்றிய திருகுகளை ஒரு சிறு பையில் போட்டு முடியுங்கள். ஒரு திருகு தொலைந்தால் பந்தயமே தொலைந்தது! ஒருவன் சைக்கிளைப் பூட்டும்போது மற்றவன் சரிபார்க்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா? சக்கரம் ஆடுகிறதா? போட்டியில் தலைக்கவசத்தை மாட்டிப் பூட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொடவே விடுவார்கள்.

நம் நாட்டிலேயே பெரிய பந்தயம் வந்துவிட்டது. 2019-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி, கோவாவில் மிராமார் கடற்கரையில் "அயர்ன்மேன் 70.3" நடந்தது. மொத்தம் 70.3 மைல் தூரம் என்பதால் அந்தப் பெயர். மணிப்பூரைச் சேர்ந்த பிஷ்வோர்ஜித் சாய்கோம் முதலாவதாக வந்தார்.

நாலு பேர், ஒரு பதக்கம்

அமெரிக்காவில் காலேஜ் அணிகளுக்கென்றே தேசியப் போட்டி நடத்துகிறார்கள். ஓடுவது தனித்தனியாகத்தான். ஆனால் ஒரு காலேஜில் முன்னால் வந்தவர்களின் கணக்கைக் கூட்டி அணிக்குப் பட்டம் தருகிறார்கள்.

ஒலிம்பிக்கிலும் கூட்டுப் போட்டி வந்துவிட்டது. இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஒவ்வொருவரும் சிறு தூரம் நீந்தி, மிதித்து, ஓடி, அடுத்தவர் கையைத் தட்டி அனுப்ப வேண்டும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குத் தங்கம். 2024-ல் பாரிசில் ஜெர்மனிக்குத் தங்கம். பெண் பிள்ளைகள் பின்னால் நிற்கும் பந்தயம் அல்ல இது. அவர்கள் இல்லாவிட்டால் அணியே இல்லை!

பெற்றோர் கவனத்துக்கு

தாய்மாரின் பயம் நியாயமானது. 2021-ம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே பிள்ளையைத் தடுக்காதீர்கள். ஆனால் கண்டிப்பாகக் கேளுங்கள்.

யார் கற்றுத் தருகிறார்? ஒருவன் நீந்தும்போது கரையில் ஒருவன் நிற்கிறானா? அவன் கையில் கயிறோ, காற்றடைத்த டியூபோ இருக்கிறதா? பந்தயத்தில் மீட்புப் படகு உண்டா? டாக்டர் உண்டா?

ஒருவன் மூழ்கினால் பழகாதவன் பின்னாலேயே குதிக்கக் கூடாது. கயிறு, டியூப், வேட்டி, எது கிடைத்தாலும் வீசி இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போகும்.

இவ்வளவையும் கவனிக்க ஒருவனால் முடியுமா? முடியாது. அதனால்தான் கூட்டாளிகள் வேண்டும். கோட்டைத் தாண்டும்போது அவன் தனி ஆள். அந்தக் கோடு வரை அவனைக் கொண்டு வந்து சேர்ப்பது நாலு பேர்.

மறுபடி மொரப்பூர் ரெயில் நிலையத்துக்கு வருவோம். பையன்கள் திரும்பி வந்து இறங்குகிறார்கள். முகம் வெயிலில் கறுத்திருக்கிறது. தாய் ஓடி வந்து கேட்கிறாள்:

"யாரு கண்ணு ஜெயிச்சது?"

"போன நாலு பேரும் முடிச்சுட்டு, நாலு பேரும் திரும்பி வந்துட்டோம்மா!"

அந்தத் தாய்க்கு இதைவிடப் பெரிய பதக்கம் வேறு என்ன வேண்டும்?