கணக்குப் பயமும் தென்னை மரத்தின் உயரமும்



குழுவில் பதிவேடு எழுத ஆள் கேட்டால், "எனக்குக் கணக்கு வராதுங்க, அவளை எழுதச் சொல்லுங்க" என்ற பதில்தான் முதலில் வருகிறது. அதே சகோதரியிடம் ஆயிரம் ரூபாய்க்கு ரெண்டு வட்டி என்று சொல்லிப் பாருங்க. மாசம் இருபது, வருஷத்துக்கு இருநூத்தி நாற்பது என்று உடனே சொல்லிவிடுவார். அப்படியானால் வராதது கணக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் வாங்கிய குட்டும், எல்லார் முன்னாலும் எழுந்த சிரிப்பும்தான் பலர் மனசில் இன்னும் நிற்கிறது.

இந்த மாதம் பயத்துக்குப் பேர்போன முக்கோணவியலையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சைன், காஸ், டேன் என்று மனப்பாடம் செய்வார்களே, அதுதான்.

வீட்டுப் பக்கத்தில் ஒரு தென்னை பட்டுப்போய் நிற்கிறது. மழைக்காலத்துக்கு முன்னால் வெட்ட வேண்டும். சாய்ந்தால் நம் கூரை வரைக்கும் எட்டுமா? மரம் வெட்டுகிறவர் அண்ணாந்து பார்த்து, "எட்டாதும்மா" என்பார். அவர் அனுபவசாலிதான். ஆனால் கூரை நம்முடையது. நாமும் ஒருமுறை அளந்து பார்ப்பதில் தப்பில்லை.

ஒரு சதுரத் தாளை மூலைக்கு மூலை மடியுங்கள். முக்கோணம் கிடைக்கும். அதன் ஒரு மூலை செங்கோணம், அதாவது கொத்தனாரின் மூலமட்டம் போல 90 பாகை. மற்ற இரண்டும் 45 பாகை. 45 பாகை மூலை ஒன்றைக் கண்ணருகே வையுங்கள். அடிப்பக்கம் தரைக்குச் சமமாகவும், தூரத்து ஓரம் நட்டுக்குத்தாகவும் இருக்க வேண்டும். மேல் மூலையில் கல் கட்டிய நூலைத் தொங்க விட்டு, அது அந்த ஓரத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பக்கத்தில் ஒருத்தர் பார்த்துச் சொல்லட்டும். இப்போது சரிவான ஓரத்தின் வழியே மர உச்சியைப் பாருங்கள். உச்சி சரியாகத் தெரியும்வரை பின்னால் நடங்கள். நின்ற இடத்திலிருந்து மரத்தடி வரை டேப் பிடியுங்கள்.

42 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையிலிருந்து உங்கள் கண் உயரம் நாலே முக்கால் அடி. இரண்டையும் கூட்டினால் 46 அடி 9 அங்குலம். அதுதான் மரத்தின் உயரம். சுவர் 40 அடியில் இருந்தால், அந்தப் பக்கம் சாய்க்கவே கூடாது.

ஏன் இப்படி? 45 பாகையில் பார்க்கும்போது, மரம் கண்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரமோ, நாம் மரத்திலிருந்து அவ்வளவு தூரத்தில் நிற்கிறோம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் ஒன்று. இந்த வகுத்தலுக்குத்தான் டேன் என்று பெயர். பின்னால் போக இடமில்லாவிட்டால் பிள்ளையின் பாகைமானியை வாங்கி 60 பாகையில் பாருங்கள். அதற்கு டேன் 1.73. தூரம் 20 அடி என்றால் 20 × 1.73 = 34.6 அடி. இதோடும் கண் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

இந்த நாட்டையே இப்படித்தான் அளந்தார்கள். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் என்ற அதிகாரி ஒரு நேர்க்கோட்டை அளந்து தொடங்கிய வேலை, முக்கோணம் முக்கோணமாக வடக்கே போனது. எவரெஸ்ட்தான் மிக உயர்ந்த சிகரம் என்று 1856-ல் அறிவித்தபோது அதன் மேல் யாரும் ஏறியிருக்கவில்லை. ஏறியது 1953-ல்.

பயம் போக நாங்கள் கண்ட வழி ஒன்று உண்டு. அளக்கும் முன் குத்துமதிப்பாக ஒரு எண்ணைச் சொல்லிவிடுங்கள். "அம்பது அடி இருக்கும்" என்று சொன்ன பிறகு விடை 467 வந்தால், புள்ளி இடம் மாறிவிட்டது என்று நீங்களே பிடித்துவிடலாம். தனியாகச் செய்யாமல் ரெண்டு பேராகச் செய்யுங்கள். தப்பு வந்தால் சிரிக்கக் கூடாது என்பதைக் குழுவில் முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்று, "எனக்கும் கணக்கு வராது" என்று பெண்பிள்ளைகள் காதுபடச் சொல்லாதீங்க. அவர்கள் அதைக் குடும்ப வழக்கமாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

தரை மேடுபள்ளமாக இருந்தாலோ மரம் சாய்ந்திருந்தாலோ இந்த அளவு தப்பும். வெட்டும்போது ஐந்தாறு அடி கூடுதலாகவே விடுங்கள். கரண்டு கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்துக்குச் சொல்லாமல் கோடாலியைத் தொட வேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்கள் ஊர் மரம் ஒன்றின் உயரத்தை எழுதிக்கொண்டு வாங்க. முதலில் சொன்ன குத்துமதிப்பும் அதில் இருக்கட்டும்.