எந்தச் சுவரை உடைக்கலாம்?

சிங்கப்பூரில் வீட்டைப் புதுப்பிக்க ஒப்பந்தக்காரர் கொடுக்கும் கொட்டேஷனில் ஹேக்கிங், ஸ்கிரீட், ஓவர்லே, ஃபால்ஸ் சீலிங், கார்ப்பென்ட்ரி என்று வரிசையாகச் சொற்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. எந்த வேலைக்கு அனுமதி வேண்டும் என்பதை அந்தத் தொகையைப் பார்த்து ஊகிக்க முடியாது. பல ஆயிரம் வெள்ளிக்கு அலமாரிகள் செய்து மாட்டலாம். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஒரே நாளில் முடிந்துவிடும் சின்னச் சுவருடைப்புக்கு அனுமதி இல்லாமல் சுத்தியலை எடுக்கக்கூடாது. கட்டடத்தின் எந்த உறுப்பில் கை வைக்கப்படுகிறது, அதனால் பக்கத்து வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் என்ன ஆகும் என்பதைப் பொறுத்தே விதிகள் அமைந்திருக்கின்றன.

அங்கே வசிப்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர், 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழர் வழக்கில் அவை ‘வீவக வீடுகள்’. வீட்டை வாங்கியவருக்குக் கிடைப்பது 99 ஆண்டுக் குத்தகை உரிமை. அவர் காலுக்குக் கீழே இருக்கும் தளம் கீழ்வீட்டுக்காரருக்குக் கூரை. கூடத்தில் நிற்கும் தூண் அடித்தளம் முதல் மொட்டைமாடி வரை எல்லா மாடிகளுக்கும் பொது. விதிகளின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஹேக்கிங் என்பது சுவரையோ டைலையோ உடைத்து அகற்றும் வேலை. சுவர் என்றால் முதலில் கேட்க வேண்டியது, அது பாரம் தாங்கும் சுவரா, வெறும் தடுப்புச் சுவரா என்பது. செங்கல்லாலோ இலகுவான பலகைகளாலோ எழுப்பிய தடுப்புச் சுவரை வீவக அனுமதி பெற்று எடுக்கலாம். தூண், உத்தரம், தளம், பாரம் தாங்கும் வலுவூட்டிய கான்கிரீட் சுவர் ஆகியவற்றைத் தொட முடியாது. கான்கிரீட்டாலான வேறு சில உறுப்புகளை மாற்ற வேண்டுமென்றால் தொழில்முறைப் பொறியாளர் ஒருவரின் சான்றும் சேர வேண்டும். தட்டிப் பார்த்துச் சுவரின் தன்மையைச் சொல்லிவிடலாம் என்று அனுபவசாலிகள் சிலர் நினைப்பதுண்டு. அந்த நம்பிக்கை ஆபத்தானது. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் கான்கிரீட் பாகங்களால்தான் இன்றைய அடுக்குமாடிகள் எழுகின்றன. பூச்சுக்குப் பின்னால் இருப்பது என்னவென்று கண்ணுக்கும் காதுக்கும் தெரியாது. வீட்டின் கட்டமைப்பு வரைபடம் ஒன்றுதான் அதைச் சொல்லும். சுவருடைப்புத் தொல்லையைக் குறைக்கவே, உள்ளறைத் தடுப்புகள் இல்லாத திறந்த அமைப்பு வீடுகளை 2024 அக்டோபரில் ‘க்ராஃபர்ட் ஹைட்ஸ்’ திட்டத்தில் கழகம் சோதனை முறையில் விற்பனைக்கு வைத்தது.

இத்தனைக் கண்டிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. 1986 மார்ச் 15 அன்று சிராங்கூன் சாலையில் ‘ஹோட்டல் நியூ வோர்ல்ட்’ இருந்த ஆறு மாடிக் கட்டடம் நொடிகளில் சரிந்து 33 பேர் இறந்தனர். மேல்தளத்தில் வைத்த குளிரூட்டும் இயந்திரங்கள், வங்கியின் பெட்டகம், வெளிச்சுவரில் பதித்த டைல்கள் எனப் பின்னால் சேர்ந்த பாரங்களையெல்லாம் விசாரணையில் ஆராய்ந்தார்கள். கடைசியில் தெரியவந்த காரணம் இன்னும் அடிப்படையானது: வடிவமைத்தபோது கட்டடத்தின் சொந்த எடையே கணக்கில் விடுபட்டிருந்தது. 1989இல் வந்த கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவர் போட்ட கட்டமைப்புக் கணக்கை மற்றொரு பொறியாளர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்றது.

எடையைப் பற்றிய அதே கவலை தரை வேலையிலும் தொடர்கிறது. ஸ்கிரீட் என்பது கான்கிரீட் தளத்தின்மேல் சமமட்டம் வருவதற்காகப் போடும் சிமெண்டுக் காரை. அதன்மேல்தான் டைல் உட்காரும். ஸ்கிரீட்டும் தரைப்பூச்சும் சேர்ந்து 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பழைய டைலைப் பெயர்க்காமல் அதன்மேலேயே புதியதை ஒட்டுவது ஓவர்லே. தூசியும் இரைச்சலும் குறைவு, செலவும் குறைவு. ஆனால் ஏற்கெனவே ஓவர்லே செய்த தரையில் மறுபடியும் ஒன்றைப் போட்டால் அந்த 50 மில்லிமீட்டர் எல்லை சீக்கிரம் வந்துவிடும். மறுவிற்பனை வீடு வாங்குபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

குளியலறையில் எடையைவிடத் தண்ணீர்தான் பெரிய சிக்கல். அங்கே டைலுக்கும் ஸ்கிரீட்டுக்கும் அடியில் நீர்த்தடுப்புப் படலம் ஒன்று இருக்கிறது. டைலை உடைக்கும்போது அது கிழிவது நிச்சயம். ஆகவேதான் கட்டடம் முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகும்வரை புது வீட்டின் குளியலறைத் தரையையும் சுவரையும் உடைக்க அனுமதி கிடையாது. அந்தக் காலத்தில் ஓவர்லேக்குத் தடையில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு உடைத்தால் புதிய படலம் இட்டுத்தான் மறுபடி டைல் பதிக்க வேண்டும். சமையலறைத் தரைக்கும் இதே கவனம் தேவை. நிறம் பிடிக்கவில்லை என்று புத்தம்புது டைலைப் பெயர்க்கத் துடிப்பவர்களுக்கு இந்த மூன்றாண்டுக் காத்திருப்பு எரிச்சலூட்டும். கூரையில் ஈரம் படர்ந்து சுண்ணாம்பு உதிரும் கீழ்வீட்டில் ஒருமுறை நின்று பார்த்தால் எரிச்சல் அடங்கிவிடும். பழைய வீடுகளில் அப்படிக் கசிந்தால், உதவித் திட்டம் ஒன்றின்கீழ் பழுதுபார்ப்புச் செலவில் பாதியை வீவக ஏற்கிறது. மீதியை மேல்வீடும் கீழ்வீடும் பகிர்ந்துகொள்கின்றன.

பல வீடுகளில் சமையலறையை ஒட்டி, கனத்த இரும்புக் கதவு போட்ட சிறிய அறை ஒன்று இருக்கும். பெரும்பாலோர் அதில் அரிசி மூட்டையையும் பெட்டிகளையும் வைக்கிறார்கள். பேச்சில் அது ‘ஸ்டோர் ரூம்’. சட்டத்தில் அது வீட்டுக் காப்பறை. குண்டுவீச்சு நேர்ந்தால் குடும்பம் ஒதுங்குவதற்காக 1997ஆம் ஆண்டுக் குடிமைத் தற்காப்புக் காப்பிடச் சட்டத்தின்படி கட்டப்படுவது. அதன் சுவரை உடைப்பது, கதவைக் கழற்றுவது, காற்றோட்டத் துளையை நிரந்தரமாக அடைப்பது எதுவும் கூடாது. உட்சுவரில் டைலும் பதிக்கக்கூடாது. அதிர்ச்சியில் அது சிதறி உள்ளே இருப்பவர்களைக் காயப்படுத்தும். கதவின் பின்புறம் ஒட்டியிருக்கும் அறிவிப்பைக்கூடக் கிழிக்கக்கூடாது. இந்த அறை குடிமைத் தற்காப்புப் படையின் விதிகளுக்கும் உட்பட்டது.

சில வேலைகளில், அவற்றை யார் செய்கிறார் என்பதே விதியாக இருக்கிறது. சன்னலைக் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பட்டியலில் உள்ள சன்னல் ஒப்பந்தக்காரர்தான் மாற்றலாம். வெளிப்புறமாகத் திறக்கும் கேஸ்மென்ட் சன்னல்களில் அலுமினிய ரிவெட்டுகள் தேய்ந்துபோய், உயர்மாடிகளிலிருந்து சட்டங்கள் கழன்று விழுந்ததுண்டு. 2004இல் அந்த ரிவெட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டுகளாக மாற்றுவது கட்டாயமானது. மின்சாரம், எரிவாயு, குடிநீர்க் குழாய் மூன்றுக்கும் தனித்தனி உரிமம் பெற்ற பணியாளர்கள் வேண்டும். மின்கசிவு ஏற்பட்டதும் கணத்தில் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி, 1985 ஜூலைக்குப் பின் கட்டிய வீடுகளில் ஏற்கெனவே இருக்கும். அதற்கு முந்தைய வீடுகள் 2025 ஜூலை 1க்குள் அதைப் பொருத்த வேண்டும் என்று காலக்கெடு விதிக்கப்பட்டது. பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிப்பவர் வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மின்பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. மின்கம்பிகளை மறைக்கவென்று கான்கிரீட் உறுப்புகளில் குடையவும் முடியாது. கம்பிகள் பல வீடுகளில் சுவரின்மேலேயே பிளாஸ்டிக் உறைக்குள் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

வண்ணம் பூசுதல், அலமாரி, திரைச்சீலை, டைலின்மேல் விரிக்கும் வைனைல் தரை ஆகியவற்றுக்கு அனுமதி தேவையில்லை. ஃபால்ஸ் சீலிங், அதன் குறுகிய வடிவமான எல்-பாக்ஸ் இரண்டும் இந்த வகையில் சேரும். தரையிலிருந்து அதன் அடிப்பகுதிவரை 2.4 மீட்டர் உயரம் மிஞ்ச வேண்டும் என்பது நிபந்தனை. தொலைக்காட்சிக்குப் பின்னால் பலகையாலோ கல்லாலோ அலங்கரிக்கும் ஃபீச்சர் வால், பெயரில் சுவர் என்றிருந்தாலும் மேலே ஒட்டும் அலங்காரம் மட்டுமே. வாசலுக்கு வெளியே நிலைமை வேறு. நடைபாதையில் செருப்பு அலமாரி வைத்தாலும் 1.2 மீட்டர் வழி விட வேண்டும். படிக்கட்டை ஒட்டிய சில வீடுகளின் வாசற்கதவு அரைமணி நேரம் தீயைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அழகாக இருக்கிறதே என்று சாதாரண மரக்கதவை அங்கே மாட்ட முடியாது.

இன்டீரியர் டிசைனர் என்று பெயர்ப்பலகை வைக்க சிங்கப்பூரில் சட்டப்படி உரிமம் தேவையில்லை. கட்டடக் கலைஞருக்குப் பதிவு உண்டு. ஆகவே வடிவமைப்பாளரின் படங்களைவிட, வேலையை எடுக்கும் நிறுவனம் வீவகவின் புதுப்பிப்பு ஒப்பந்தக்காரர் பட்டியலில் இருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. அனுமதிக்கு விண்ணப்பிப்பவரும் அந்த ஒப்பந்தக்காரர்தான். வேலை நேரம் திங்கள் முதல் சனிவரை காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிவரை. சுவருடைப்பு, டைல் பெயர்ப்பு போன்ற இரைச்சல் மிகுந்த வேலைகள் வாரநாள்களில் மட்டும், அதுவும் மாலை 5 மணியோடு நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறைகளிலும் எந்த வேலையும் கூடாது.

கொண்டோமினியம் வீடுகளில் வீவகவின் இடத்தில் நிர்வாகக் கழகம் இருக்கிறது. அதன் துணைவிதிகளின்படி அனுமதி பெற வேண்டும். அங்கே பெரும்பாலும் தகராறு வருவது பால்கனியால். அதைக் கண்ணாடி போட்டு அடைத்தால் அறையாகக் கணக்கிடப்பட்டுக் கட்டடத்தின் மொத்தத் தளப்பரப்பு கூடிவிடும். ஆகவே ஒப்புதல் பெற்ற, திறந்து மூடக்கூடிய திரைகளை மட்டுமே பொருத்தலாம். தரைவீட்டுக்காரருக்குச் சுதந்திரம் கொஞ்சம் அதிகம். ஆனால் மாடி எடுப்பதும் வீட்டை நீட்டுவதும் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கும் கட்டட ஆணையத்துக்கும் போகும்.

அனுமதியின்றி செய்த வேலை பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரின் புகாரால் வெளிவருகிறது. புகார் வராமல் தப்பினாலும், வீட்டை விற்க விண்ணப்பித்ததும் வீவக அதிகாரி வந்து பார்வையிடுவார். விதிமீறல் கண்ணில் பட்டால், விற்பனை முடிவதற்குள் விற்பவர் அதைச் சரிசெய்ய வேண்டும்: பழையபடி மாற்றியமைக்க வேண்டும், அல்லது தகுதி இருந்தால் அனுமதி பெற்று முறைப்படுத்த வேண்டும். உடைத்த தடுப்புச் சுவரைத் திரும்ப எழுப்பிவிடலாம். பாரம் தாங்கும் சுவரில் வெட்டு விழுந்திருந்தால் பொறியாளரை அமர்த்தி, அவர் வகுத்துக் கொடுக்கும் முறையில் வலுவூட்டிச் சீரமைக்க வேண்டும். அந்தச் செலவும் உரிமையாளருடையதே.