மொரீசியசும் நம்ம இலங்கையும்

மொரீசியஸ் தீவுக்காரர்கள் நம்மைவிட நல்லா வாழ்றாங்களாமே என்று தோட்டங்களில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நம்ம பாட்டன் பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி, கட்டுக்கரைக் குளம் கிடக்கிற அந்தச் சீமையின் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே செத்தவர் ஏராளம். அதே தமிழ்நாட்டு ஆட்கள்தான் 1834க்குப் பிறகு மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கும் கப்பலேறினார்கள்.

இன்றைக்கு ஆள்வீத வருமானத்தில் மொரீசியஸ் நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஆயுளில் இலங்கை சற்று முன்னே. இலவசக் கல்வியும் இங்கே 1945இலேயே வந்தது. அங்கே மேல்வகுப்புகள் இலவசமானது 1977இல்தான். ஆனால் இலங்கைக்கு வந்த நன்மை தோட்டத்துக்கு ஏறி வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்ததே 1970களில்.

இதைவிடப் பெரிசு ஓட்டு. 1948 ஆகஸ்டில் மொரீசியசில் நடந்த தேர்தலில், தமிழ் மட்டும் எழுதப் படிக்கத் தெரிந்த தொழிலாளிக்கும் ஓட்டு இருந்தது. அதே 1948இல் இங்கே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருஷம் ஓட்டும் போச்சு. அங்கே 1950களிலேயே முதியோர் பென்ஷன் வந்ததற்கு ஓட்டும் ஒரு காரணம் என்பது எங்கள் எண்ணம். இங்கே லயத்துப் பக்கம் வர யாருக்கும் அவசியம் இருக்கவில்லை. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது 2003ஆம் வருஷச் சட்டம். ஐம்பத்தைந்து வருஷம்!

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை என்று நாங்கள் லயம் லயமாக வந்து நச்சரிப்பது இதனால்தான். பிள்ளைக்குப் பதிவு எடுக்காதவர்கள் இந்த மாதமே நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள்.