வீட்டோரத்தில் ஒரு பட்டறை



கோலசிலாங்கூரில் தொடங்கி புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வழியாக உலு சிலாங்கூரின் களும்பாங் வரைக்கும் எந்தத் தோட்டத்திற்குள் நுழைந்தாலும், வீட்டு அஞ்சடியில் ஒரு மோட்டார் சைக்கிளும், அதன் பக்கத்தில் சுவரில் சாய்த்த ஒரு சைக்கிளும் நிற்பதைக் காணலாம். (பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பலருக்குப் புரியும், 2007-ஆம் ஆண்டில் அவ்வூரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என மாறியது.) வெளிக்காட்டு வேலைக்குப் போவதும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விடுவதும், இரவில் காய்ச்சல் கண்டவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்வதும் அந்த வண்டியை நம்பித்தான். பேருந்து வரும் சாலையோ பல தோட்டங்களுக்கு எட்டத்தில் இருக்கிறது. வண்டி ஒரு நாள் படுத்துக்கொண்டால் அன்றைய சம்பளமும் அதனோடு படுத்துக்கொள்ளும்.

அந்த வண்டிகளைப் பேணுவதற்கு வீட்டிலேயே ஒரு சிறு பட்டறை அமைப்பது எப்படி என்று இன்று பார்ப்போம். பட்டறை என்றதும் நம் இளைஞர்கள் முதலில் ஓடுவது சாமான் கடைக்கு. பளபளக்கும் பெட்டியில் நூறு ஸ்பேனர்கள் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால், வாங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நாம் நிற்கும் இடம் யாருடையது? அந்த இடத்தின் மண் எப்படிப்பட்டது? அங்கே கொட்டும் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது?

முதல் கேள்வியை யாரும் கேட்பதில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ஆம் ஆண்டில் இந்த வட்டாரத்தில்தான் உருவானது. ஹென்றி ஃபோகோனியர் என்னும் பிரெஞ்சுக்காரர் நட்ட தென்னமரம் தோட்டம் அது. பெயரே நம் மொழியிலிருந்து வந்தது. அப்படித் தலைமுறை தலைமுறையாக உழைத்த வட்டாரத்திலும், தோட்டத்து வீடு உழைப்பாளிக்குச் சொந்தமாவதில்லை. தோட்டம் கைமாறினால் வீடும் போகும். புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த கதை எல்லாரும் அறிந்ததே. ஆகவே தோட்டத்து வீட்டில் இருப்பவர், கழற்றிக் கொண்டுபோகக் கூடிய பட்டறையைத்தான் கட்ட வேண்டும் என்பது என் கருத்து. சிமெண்டு மேடை எழுப்பாதீர்கள். பழைய கதவுப் பலகை ஒன்றை மேசையாக்கி, கால்களை ஆணி அடிக்காமல் போல்ட்டு நட்டுப் போட்டு முடுக்குங்கள். ஸ்பேனர் மாட்டும் பலகையையும் இரண்டு கொக்கிகளில் தொங்கவிடுங்கள். நாளை தாமான் வீட்டிற்கு மாறினாலும் ஒரு லாரி நடையில் பட்டறை முழுவதும் உடன் வந்துவிடும். கூரை இறக்குவதாக இருந்தால் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.

அடுத்தது மண். கடற்கரைப் பக்கமுள்ள ஜெராம், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் மண் மிருதுவான களிமண். மழை பெய்தால் வண்டியின் ஸ்டாண்டு மண்ணுக்குள் இறங்கும், வண்டி சாயும். ஏறக்குறைய நூறு கிலோ எடை காலின் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. கடல் காற்றின் உப்பு வேறு இரும்பைத் தின்னும். உள்நாட்டில், ரவாங், கெர்லிங் பக்கம் போனால் சிவப்புச் சரளை மண். அது வண்டியை உள்ளே இழுக்காது. ஆனால் தூளாகி எல்லா இடுக்கிலும் புகுந்துகொள்ளும். எந்த மண்ணானாலும், வண்டியின் நடு ஸ்டாண்டுக்குக் கீழே முக்கால் அங்குலப் பலகை ஒன்றைப் போடுங்கள். சிமெண்டுத் தரை இருந்தால் பலகை வேண்டியதில்லை.

இடம் எவ்வளவு வேண்டும்? நம்மிடையே ஓடும் சிறிய மோட்டார் சைக்கிள் ஏறக்குறைய 6 அடி நீளமும், 2 அடிக்குச் சற்றுக் கூடுதலான அகலமும் உடையது. சுற்றிவர ஆள் குந்தி வேலை செய்ய இடம் விட்டால் 10 அடிக்கு 8 அடி தாராளம். சைக்கிளுக்குத் தரையில் இடமே வேண்டாம். உத்தரத்திலிருந்து இரண்டு கயிறு தொங்கவிட்டு, இருக்கையையும் கைப்பிடியையும் மாட்டிவிட்டால், நின்றபடியே சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கலாம். கயிறு கட்டுமுன் உத்தரத்தைக் கரையான் தின்றிருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். வெளிச்சத்திற்கு நான்கடிக் குழல்விளக்கு ஒன்றைத் தலைக்கு நேர் மேலே மாட்டாமல் சற்று முன்பக்கமாக மாட்டினால், நம் நிழலே நம் வேலையை மறைக்காது. கழுவும் இடமும் கழற்றும் இடமும் வெவ்வேறாக இருக்கட்டும். சேற்றைக் கழுவிய இடத்திலேயே எஞ்சினைத் திறந்து வைப்பது, அடுப்படியில் வீடு கூட்டிய குப்பையைக் குவிப்பது போலத்தான்.

இப்போது சாமான்களுக்கு வருவோம். ஜப்பானில் 1958-ஆம் ஆண்டில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப், பினாங்கு வணிகர் லோ பூன் சியூ வழியாக இந்நாட்டில் பரவியது. நாம் இன்று கப்சாய் என்று அழைக்கும் வண்டிகளெல்லாம் அந்த வழியில் வந்தவைதாம். இவற்றைப் பேண 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் ஸ்பேனர்கள் ஆறு இருந்தால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும். எஞ்சின் எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கு 17 வேண்டும். சிறு மூடிகளுக்கும் கேபிள்களுக்கும் 8, 10. மலிவான நூறு ஸ்பேனர் பெட்டியை விட, நல்ல எஃகில் ஆறு ஸ்பேனர் மேல். மலிவான ஸ்பேனரின் வாய் விரிந்து போல்ட்டுத் தலையை உருண்டையாக்கிவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் அதில் உட்காராது. திருகி அகலம் மாற்றும் ஸ்பேனரை வேறு வழியில்லாத நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஜப்பானிய வண்டிகளின் எஞ்சின் மூடிகளில் கூட்டல் குறித் திருகாணிகள் இருக்கும். பார்வைக்குச் சாதாரணக் கூட்டல் குறி போலவே இருந்தாலும் அவை ஜப்பானிய அளவைச் சேர்ந்தவை. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் அவற்றில் முழுவதும் இறங்காமல் வழுக்கித் தலையைக் கெடுக்கும். அந்த அளவுக்குரிய ஸ்க்ரூ டிரைவர் கடைகளில் கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள். பல ஆண்டுகள் இறுகிப்போனவற்றுக்கு, பின்னால் சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று உண்டு. ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் போதும். அக்கம்பக்கத்தார் சேர்ந்து வாங்கலாம்.

சைக்கிளுக்கு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஒன்று கூடுதலாக வேண்டும். பெரும்பாலான பெடல்கள் அதில்தான் கழலும். இங்கே ஓர் எச்சரிக்கை: இடது பெடலின் புரி எதிர்ப்பக்கமாக வெட்டப்பட்டது. வழக்கம்போல் இடப்பக்கமாகத் திருப்பினால் அது இன்னும் இறுகும். ஸ்பேனரைப் பெடலில் மாட்டி மேல்நோக்கி நிறுத்திக்கொண்டு, பின்சக்கரத்தின் பக்கமாக இழுத்தால் இரண்டு பெடல்களும் கழலும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. இவற்றோடு ஒரு குறடு, சுத்தியல், டயர் நெம்பும் இரும்புகள் மூன்று, ஒட்டுப்போடும் சாமான், பம்பு, காற்றழுத்தம் பார்க்கும் கருவி, பிளக்குச் சாவி, ஒரு சிறிய வைஸ். பிளக்கை முதலில் கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு சாவியால் அரைத் திருப்புக்கு மேல் போகாமல் முடுக்குங்கள். புதிய பிளக்கின் வளையம் நசுங்கி அடைக்க அதுவே போதும். அலுமினியப் புரி கிழிந்தால் செலவு பெரிது.

மேற்சொன்ன எல்லாவற்றிலும் மலிவானது ஒன்றிருக்கிறது: பள்ளிப்பிள்ளை வைத்திருக்கும் 12 அங்குல அளவுகோல். நம் தோட்டத்துச் சாலைகளில் முதலில் கெடுவது செயின்தான். செயின் நீண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடுவதில்லை. செயினின் ஊசிகளும் அவற்றைச் சுற்றிய குழல்களும் தேய்கின்றன; ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி விழுந்து, அத்தனையும் சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. சிவப்பு மண் தூள் எண்ணெயோடு கலந்தால் அரைக்கும் பசை போலாகி அந்த வேலையை விரைவாகச் செய்துவிடும். கப்சாய் வண்டியின் செயினில் 420 அல்லது 428 என்று பொறித்திருப்பார்கள். முதல் எண்ணான 4 என்பது எட்டில் நான்கு அங்குலம், அதாவது ஒரு மூட்டுக்கும் அடுத்த மூட்டுக்கும் அரை அங்குலம் என்பதைக் குறிக்கும். சைக்கிள் செயினும் அதே அரை அங்குலம்தான். எனவே இரண்டிலும் 24 மூட்டுகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஓர் ஊசியின் நடுவிலிருந்து அளக்கும்போது, சைக்கிள் செயின் அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் மாற்றிவிடுங்கள். மோட்டார் செயின் கால் அங்குலம் கூடியிருந்தால் அதன் காலம் முடிந்தது, பல்சக்கரங்களையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதிய செயினைப் போட்டால் புதியதும் விரைவில் தேயும்.

அந்த வண்டிகளோடு வரும் செயின் மூடியை அழகு கருதிக் கழற்றி எறிகிற வழக்கம் நம் பையன்களிடம் இருக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் ஓடும் வண்டிக்கு அந்த மூடி பணத்தை மிச்சப்படுத்தும் தகரம்! அளந்து, துடைத்து, எண்ணெய் விட்டபின் அதை மறுபடியும் மாட்டுங்கள்.

பிரேக்கைப் பிரித்தால் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். அதை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக்குக் கட்டைகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள்.

பெட்ரோலைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் தகும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து, பலகைச் சுவரின் அடியில் நுழைந்து, அடுப்பையோ அந்திக்கு ஏற்றிய சாமி விளக்கையோ தேடிப் போகும். அஞ்சடியில் பெட்ரோல் கொண்டு பொருள்களைக் கழுவும்போது உள்ளே சமையல் நடந்தால், விபத்துக்குத் தேவையானதெல்லாம் தயார். கழுவுவதற்கு மண்ணெண்ணெய் போதும். அதையும் திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். தீப்பற்றிய பெட்ரோலில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். ஒரு வாளி மணலும், உலர்தூள் தீயணைப்புக் கருவி ஒன்றும் வாசற்பக்கம் இருக்கட்டும். தண்ணீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ எந்த எண்ணெயும் வைக்கக் கூடாது. குழந்தைக்குப் புட்டிதான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. மின்சார இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் வேண்டும். அடைத்த அறைக்குள் எஞ்சினை ஓடவிடக் கூடாது.

கூலிக்குப் பிறர் வண்டியைப் பழுது பார்க்கத் தொடங்கினால் நகராண்மைக் கழகத்தின் உரிமம் தேவை. மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கும் தொழிலுக்கு மலேசியத் திறன் சான்றிதழ் பெற வழியுண்டு; வீட்டுப் பட்டறையில் கை பழகிய இளைஞருக்கு அந்தப் பயிற்சி சுலபமாக இருக்கும்.

இனி மூன்றாவது கேள்வி. நம் வீட்டுச் சாக்கடை வாய்க்காலில் விழுகிறது. இந்த வட்டாரத்து வாய்க்கால்களில் பல சிலாங்கூர் ஆற்றில் போய் விழுகின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் ரவாங்கின் சுங்கை கோங்கில் கலந்த கழிவின் நாற்றத்தால், சிலாங்கூர் ஆற்றின் நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் குழாய்கள் வறண்டன. ஆற்றின் கீழ்ப்பகுதியில், கம்போங் குவாந்தானில், கரையோர மரங்களில் மின்மினிகள் வாழ்கின்றன. அவற்றின் குஞ்சுப் புழுக்கள் வளர்வது அந்தக் கரைச் சேற்றில்தான்.

ஒரு கப்சாய் வண்டியில் ஒரு முறை எண்ணெய் மாற்றினால் ஏறக்குறைய 0.7 லிட்டர் கறுப்பு எண்ணெய் வடியும். பத்து வண்டி நிற்கும் லயத்தில் ஒரு சுற்றுக்கு 7 லிட்டர். 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி பழைய எஞ்சின் எண்ணெய் அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவாகும். கரையானுக்கென்று வேலிக்காலில் ஊற்றுவதும், தூசி அடங்கட்டும் என்று பாதையில் தெளிப்பதும் மழை வரும்வரைதான். அதன் பிறகு எல்லாம் வாய்க்காலில். மூடியுள்ள 5 லிட்டர் டின் ஒன்றில் எண்ணெயை வடித்து, மேலே பெயர் எழுதி நிழலில் வையுங்கள். நிறைந்ததும் புக்கிட் ரோத்தானிலோ பெஸ்தாரி ஜெயாவிலோ, உரிமம் பெற்றவர்கள் வந்து பழைய எண்ணெய் எடுத்துச் செல்லும் பட்டறை எது என்று விசாரித்து அங்கே கொடுத்துவிடுங்கள். போகும்போது செத்துப்போன பேட்டரியையும் கையோடு கொண்டுபோகலாம். ஈயத்துக்காக அதைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் கடைகள் உண்டு.