மண்ணில் எழுதிய கோட்டை

கோட்டை என்றதும் நமக்குக் கல்மதில்தான் ஞாபகம் வரும். காலியையும் யாழ்ப்பாணத்தையும் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. ஒரு கல்லும் இல்லாத கோட்டை என்றால், "அதென்ன கோட்டை?" என்றுதான் கேட்போம்.

வேல்ஸ் நாட்டின் கிழக்கெல்லையில், மொன்கொமரி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், மரங்கள் மூடிய ஒரு மண்மேடு இருக்கிறது. பெயர் ஹென் டோமன். வேல்ஸ் மொழியில் 'பழைய மேடு'. 1066இல் நோர்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினான். அவனுடைய பிரபுக்களில் ஒருவனான ரொஜர், செவர்ன் ஆற்றுத் துறையைக் காவல் பண்ண 1070களில் எழுப்பிய கோட்டை இது. கல்லில் கட்ட வருடக்கணக்கில் காலம் வேண்டும். மண்ணும் மரமும் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. அகழி வெட்டிய மண்ணைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் மரக்கோபுரம் நிறுத்தினார்கள். கீழே மரவேலி சூழ்ந்த முற்றம். அதிலிருந்து மேட்டுக்கு ஒரு மரப்பாலம்.

1223இல் மூன்றாம் ஹென்றி சற்றுத் தள்ளிக் கற்கோட்டை கட்டத் தொடங்கினான். மரக்கோட்டை மெல்ல மெல்ல மண்ணோடு மண்ணாயிற்று.

அப்படியானால் அங்கே என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? கிடுகு வேலிக்கு நட்ட கம்பு உக்கிப் போனாலும், அந்தக் குழியில் நிரம்பும் மண் வேறு நிறமாகத்தான் கிடக்கும். அதைத்தான் தேடினார்கள். பிலிப் பார்க்கர் 1960இல் தொடங்கிய அகழ்வு, பின்னர் ரொபர்ட் ஹைகமும் சேர, 1992 வரை நீண்டது. ஆங்காங்கே குழி வெட்டிப் பார்க்காமல், பரந்த நிலத்தைத் திறந்து, சிறு கரண்டியால் படை படையாகச் சுரண்டினார்கள். தூண் குழிகளும் கூழாங்கல் தளங்களும் வெளிப்பட்டன. முற்றம் நிறையக் கட்டடங்கள். ஒன்று உக்கினால் அதே இடத்தில் இன்னொன்று. அவசரத்துக்குப் போட்ட கொட்டில் என்று எண்ணியது, தலைமுறை தலைமுறையாகப் புதுப்பிக்கப்பட்ட உறுதியான கோட்டையாக இருந்தது. ஆனால் அகப்பட்ட பொருட்களோ மிகச் சொற்பம். எழுத்துச் சான்று இல்லாவிட்டால், பிரபுக்கள் ஆண்ட இடம் என்று யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்.

அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது: கோட்டைக்கு முந்திய உழவுசால்கள். ரொஜரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. அந்த நிலத்தை உழுதவனின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. அவன் கலப்பை கீறிய கோட்டை, அதன்மேல் வந்து குந்திய கோட்டையே மூடிக் காத்துவிட்டது.

கல் இல்லாத இடத்தில் வரலாறு இல்லை என்று சொல்லுமுன், மண்ணைக் கொஞ்சம் நிதானமாகச் சுரண்டிப் பார்க்கத்தான் வேண்டும்.