அகவையும் மூப்பும்

அகவை என்பது கழிந்த ஆண்டுகளின் கணக்கு. மூப்பு என்பது உடலின் நிலை. இவ்விரண்டும் எல்லாரிடத்தும் ஒத்துச் செல்வதில்லை. ஒரே ஆண்டில் பிறந்த இருவருள் ஒருவர் துடிப்புடன் நடமாட, மற்றவர் தளர்ந்து அமர்ந்திருத்தல் கண்கூடு. இவ்வேறுபாட்டை அளந்து கூற இயலுமா? இவ்வினாவிற்கு விடை காண்பதில் முன்னிற்பது நியூசிலாந்து நாட்டின் டனீடன் நகரில் தோன்றிய ஆராய்ச்சியாகும்.

1972ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் 1973ஆம் ஆண்டு மார்ச் வரை அந்நகரில் பிறந்தவர்களுள் 1,037 பேர் இவ்வாராய்ச்சியில் சேர்க்கப்பெற்றனர். குழந்தைப் பருவந்தொட்டே அவர்கள் குறித்த அகவைகளில் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பெற்றனர். குருதி அழுத்தம், குருதியிலுள்ள சர்க்கரை, கொழுப்பு, நுரையீரலின் ஆற்றல், சிறுநீரகத்தின் செயல், பல்லீறுகளின் நலம் முதலிய 18 குறிகள் 26, 32, 38 ஆகிய அகவைகளில் அளக்கப்பெற்றன.

2015இல் வெளிவந்த முடிவு வியப்புக்குரியது. எல்லாரும் 38 அகவையினரே. ஆயினும் உடல்நிலையைக் கொண்டு கணித்தபோது அவர்தம் அகவை 28 முதல் 61 வரை வேறுபட்டது. விரைந்து மூத்தவர்களின் கைப்பிடி வலுக்குன்றியிருந்தது. முகமும் முதுமை காட்டிற்று. ஆகவே மூப்பு என்பது அறுபதில் திடுமென வருவதன்று. இளமையிலேயே தொடங்கிவிடுவது என்பது தெளிவாயிற்று.

இம்மூப்பின் விரைவை ஒரே குருதிச் சோதனையால் கணிக்கும் முறை 2022இல் வெளியிடப்பெற்றது. மரபணுக்களின்மேல் மெத்தில் எனும் நுண்ணிய வேதிக்குறிகள் ஆங்காங்கே ஒட்டியிருக்கும். மரபணுவின் எழுத்துகள் மாறாதிருப்பினும், அக்குறிகளின் அமைப்பு அகவையாலும் புகைபிடித்தல் போன்ற பழக்கங்களாலும் மாறும். அம்மாற்றத்தைப் படித்தறிவதே இம்முறை.

பழக்கத்தைத் திருத்தினால் மூப்பின் விரைவு குறையுமா? அமெரிக்காவில் உடற்பருமன் இல்லாத 220 பேரிடம் ஈராண்டுகள் ஒரு சோதனை நிகழ்ந்தது. ஒரு சாரார் உணவின் கலோரி அளவில் நூற்றுக்கு 25 பங்கைக் குறைக்குமாறு வேண்டப்பெற்றனர். அவர்கள் குறைத்ததோ ஏறத்தாழ 12 பங்கே. ஆயினும் அவர்களின் மூப்பு விரைவு நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு தணிந்ததென 2023இல் வெளியான ஆய்வு கூறிற்று. அதே குருதியை வேறு இரு முறைகளால் கணித்தபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தோன்றவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பலரை ஒருங்கே நோக்குமிடத்து இவ்வளவைகள் பயன் மிக்கவை. தனி ஒருவர்க்கு இவை தீர்ப்பாகமாட்டா. ஒரே குருதியை இருமுறை சோதித்தாலும் சில முறைகள் வெவ்வேறு எண்களைத் தருவதுண்டு. பணம் கொடுத்துப் பெற்ற ஓர் எண்ணைக் கண்டு மகிழ்தலும் மனம் உடைதலும் பொருந்தா.

எளிய குறிகளோ என்றும் கைக்கெட்டுவன. டனீடன் மக்கள் 45 அகவை எய்தியபோது, மெல்ல நடந்தவர்களிடம் மூப்பு விரைந்திருந்ததாக 2019இல் வெளியான ஆய்வு காட்டிற்று. குருதி அழுத்தம், சர்க்கரை, இடுப்பின் சுற்றளவு, நடையின் விரைவு ஆகியவற்றை ஆண்டுதோறும் குறித்து வைத்து ஒப்பிட்டு வருவோர், தம் வாழ்க்கைமுறை எத்திசையில் செல்கிறது என்பதை உணர்வர். பிறந்த ஆண்டை மாற்றுதல் எவர்க்கும் இயலாது. மூக்கும் விரைவை ஓரளவேனும் தணித்தல் இயலும்.